சனி, ஞாயிறில் எங்களையும் ஆட விடுங்கள்

தமிழ்நாட்டில் செஸ் ரேட்டிங் போட்டிகள் நடத்தும் மாவட்டச் சங்கத்தாருக்கும், அகாடமி நடத்துபவர்களுக்கும், நடுவர்களுக்கும்,

வணக்கம்.

நான் பட்டம் எதுவும் வாங்காத ஆட்டக்காரன். ரேட்டிங், அதாவது ஆட்டத்தின் பலத்தைக் காட்டும் புள்ளி, 1700-ஐ ஒட்டி ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. ஊர் திருச்சி, அரசு அலுவலகத்தில் வேலை. ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன 1988-ல் நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு போர்டு வாங்கிய ஆயிரக்கணக்கான பையன்களில் நானும் ஒருவன். ஐம்பதை நெருங்கும் இன்றும் ஆட்டத்தை விடவில்லை.

உங்களிடம் எனக்கு இருப்பது ஒரே ஒரு கோரிக்கை. நீண்ட நேர ஆட்டத்துக்கான ரேட்டிங் போட்டிகளில் சிலவற்றையாவது சனி, ஞாயிறு இரண்டே நாளில் முடியும்படி நடத்துங்கள். எல்லாப் போட்டியையும் மாற்றச் சொல்லவில்லை. மாவட்டத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று தொடங்கினாலே போதும்.

இப்போது என்ன நடக்கிறது? வாட்ஸ்அப்பில் ஒரு போட்டி அறிவிப்பு வருகிறது. ஆசையோடு திறந்து பார்த்தால் 9 சுற்று, 5 நாள், ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடுதல். புதன்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை பரிசளிப்பு. எனக்கு வருஷத்துக்குத் தற்செயல் விடுப்பு 12 நாள். இந்த ஒரு போட்டிக்கே மூன்று நாள் போய்விடும். வெளியூர் என்றால் போக வர இன்னும் ஒரு நாள். மீதி விடுப்பில்தான் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, சொந்தக்காரர் கல்யாணம், பிள்ளையின் பள்ளிக்கூட வேலை எல்லாம் நடக்க வேண்டும். தனியார் கம்பெனியில் இருக்கும் நண்பர்களின் நிலைமை இதைவிட மோசம். மூன்று நாள் லீவு, அதுவும் செஸ் ஆட என்று மேலதிகாரியிடம் கேட்க முடியுமா? கடை வைத்திருப்பவர் ஐந்து நாள் ஷட்டரை இறக்கிவிட்டு வர முடியுமா? அதனால் அறிவிப்பைப் படித்துவிட்டு அப்படியே மூடி வைத்துவிடுகிறோம். நாளடைவில் படிப்பதும் நின்றுபோகிறது. ஒருவர் ஆட்டத்தை விட்டுவிட்டார் என்று கேள்விப்படும்போது பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். ஆசை தீர்ந்துபோய் விட்டவர் என்று ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது.

உங்கள் உழைப்பைக் குறை சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன் ஆனதற்கும், பிரக்ஞானந்தா, வைஷாலி என்று ஒரே வீட்டில் அக்காவும் தம்பியுமாக இரண்டு கிராண்ட்மாஸ்டர்கள் வந்ததற்கும் அடியில் இருப்பது கல்யாண மண்டபங்களிலும் பள்ளிக்கூட ஹால்களிலும் வாராவாரம் நடக்கிற இந்தப் போட்டிகள்தான். மண்டபம் பிடித்து, மேஜை போட்டு, நம்பர் ஒட்டி, ராத்திரி யாருக்கு யார் எதிராளி என்று பேரிங் போட்டு ஏற்றிவிட்டுத் தூங்கப் போகிற உங்களை எனக்குத் தெரியும். 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்த பிறகு ஹாலில் பிள்ளைகள் கூட்டம் இன்னும் பெருகியதையும் கண்ணால் பார்த்தேன். மனம் நிறைந்துதான் போனது.

ஆனால் அதே ஹாலில் பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பரிசுப் பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். 7 வயதுக்குக் கீழ், 9, 11, 13, 15, சிறந்த பெண், சிறந்த மூத்தவர். இருபத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் நடுவில் இருப்பவர்களை அந்தப் பட்டியல் எண்ணியே பார்ப்பதில்லை. கோப்பை கேட்டு இதைச் சொல்லவில்லை. அந்த வயதுக்காரர்கள் ஆட வருவார்கள் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை என்பது அதில் தெரிகிறது, அவ்வளவுதான்.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் கொடுமை. 90களில் என்னோடு மாவட்டப் போட்டிகளில் ஆடிய, என்னை நன்றாகவே அடித்த பெண்களில் ஒருவரைக்கூட இன்று போர்டுக்கு முன்னால் பார்ப்பதில்லை. சிலரை ஹாலுக்கு வெளியே பார்க்கிறேன். பிள்ளைக்குத் தண்ணீர் பாட்டிலும் டிபன் பாக்ஸும் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நிற்கிறார்கள். மகள் ஆட்டம் முடிந்து வந்ததும் நகர்த்தல்களை எழுதிய ஸ்கோர்ஷீட்டை வாங்கிப் படித்து, எந்த இடத்தில் குதிரையை விட்டாள் என்று போர்டு இல்லாமலே சொல்கிறார் ஒருவர். அவர் ஏன் உள்ளே உட்கார்ந்து ஆடக்கூடாது? ஐந்து நாள் என்றால் வீட்டில் கேட்கவே தயங்குவார். இரண்டு நாள், அதுவும் மகள் ஆடும் அதே ஹாலில் என்றால் வருவார் என்றே நம்புகிறேன்.

சரி, அப்படியும் லீவு போட்டு வருகிறவனுக்கு என்ன ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 90களில் 2000-க்குக் கீழே ஆடுகிறவர்களுக்கு உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் பட்டியலில் இடமே கிடையாது. பிறகு அந்த வரம்பு படிப்படியாக இறங்கி 2012-ல் 1000 வரை வந்தது. என்னைப் போன்றவர்களின் பெயர் உலகப் பட்டியலில் ஏறியது அதனால்தான், அதற்கு நன்றி. ஆனால் கணக்கு எங்கள் பக்கம் இல்லை. 1700 உள்ள நான் 1450 உள்ள ஒரு சிறுவனிடம் தோற்றால் எனக்கு 16 புள்ளிக்கு மேல் போகும். டிரா செய்தால்கூட 6 புள்ளி போகும். அதே ஆட்டத்தில் ஜெயித்த சிறுவனுக்கு 32 புள்ளி கிடைக்கும், ஏனென்றால் பதினெட்டு வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு கே-ஃபாக்டர், அதாவது புள்ளி ஏறி இறங்கும் அளவைத் தீர்மானிக்கும் பெருக்கெண், 40, எனக்கு 20. இதில் அநியாயம் எதுவும் இல்லை. வளர்கிற பிள்ளையின் பலம் ரேட்டிங்கைவிட வேகமாக ஏறும், அதை எட்டிப்பிடிக்கத்தான் அந்த 40. பட்டியலில் 1450 என்று இருக்கும் பையன் நிஜத்தில் 1700 ஆட்டம் ஆடிக்கொண்டிருப்பான், அடுத்த மாதப் பட்டியலில்தான் அது தெரியும். இது பொதுவான சிக்கல் என்பது ஃபிடேவுக்கும் தெரியும். 2024 மார்ச்சில் அடிமட்ட வரம்பை 1400-க்கு உயர்த்தி, 2000-க்குக் கீழே இருந்த எல்லாருக்கும் ஒரு முறை புள்ளி கூட்டிக் கொடுத்தார்கள். 1000-ல் இருந்தவர் 1400 ஆனார், 1500-ல் இருந்தவர் 1700 ஆனார். கொஞ்ச காலம் சமமானது போலத் தெரிந்தது. ஆனால் மறுபடி மறுபடி புதுப் பிள்ளைகள் வந்துகொண்டேதானே இருப்பார்கள்.

இதனால் என் நண்பர்கள் சிலர், 25 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று தனிப் போட்டி வேண்டும் என்கிறார்கள். அவர்கள் வருத்தம் நியாயமானது, ஆனாலும் அந்தக் கோரிக்கையில் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகளோடு ஆடுவதுதான் இந்த ஆட்டத்தின் பெரிய சந்தோஷம். வேறு எந்த விளையாட்டில் ஐம்பது வயதுக்காரனும் ஒன்பது வயதுச் சிறுமியும் ஒரே விதியில், ஒரே கடிகாரத்தில், எந்தச் சலுகையும் இல்லாமல் மோத முடியும்?

அப்படி ஒரு சிறுமியோடு ஆடியது நினைவில் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தால் எட்டாவது வரிசை கைக்கு எட்டாது, அதனால் முட்டி போட்டு நின்றபடி ஆடினாள். நகர்த்தலை முடித்துக் கிளாக்கை அழுத்தி, ஸ்கோர்ஷீட்டில் குண்டு குண்டாக எழுதிவிட்டு இறங்கிப் போய்விடுவாள். நாலு போர்டு தள்ளித் தோழியின் ஆட்டத்தைப் பார்ப்பாள். நான் நகர்த்தியதும் எப்படித்தான் தெரியுமோ, ஓடி வருவாள். ஓப்பனிங்கில் பதினைந்து நகர்த்தல் வரை யோசிக்காமலே ஆடினாள். நடு ஆட்டத்தில் என்னிடமிருந்து ஒரு சிப்பாயைப் பறித்தாள். கடைசியில் அவளிடம் யானையும் ஒரு சிப்பாயும், என்னிடம் யானை மட்டும்.

அங்கேதான் பழைய படிப்பு கைகொடுத்தது. 18-ம் நூற்றாண்டில் பிலிடோர் என்ற பிரெஞ்சு ஆட்டக்காரர் காட்டிய தடுப்பு அது. என் ராஜா அவள் சிப்பாயின் வழியை மறித்துக் கடைசி வரிசையில் நின்றது. என் யானை அவள் பக்கத்திலிருந்து எண்ணினால் ஆறாவது வரிசையில் நின்று, அவள் ராஜாவை உள்ளே வரவிடாமல் காத்தது. அவள் சுற்றிச் சுற்றி வந்தாள். நான் யானையை அதே வரிசையில் இங்கும் அங்குமாக நகர்த்திக்கொண்டே இருந்தேன். பொறுமை இழந்து சிப்பாயை அந்த ஆறாவது வரிசைக்குத் தள்ளினாள். உடனே யானையை அடி வரிசைக்கு இறக்கி, பின்னாலிருந்து செக் கொடுக்கத் தொடங்கினேன். சிப்பாய் முன்னேறிவிட்டதால் அவள் ராஜாவுக்கு ஒதுங்க நிழல் இல்லை. டிரா. கையெழுத்துப் போட்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அங்கிள், யானையை ஏன் கடைசியிலதான் கீழே இறக்கினீங்க?" வெளியே படிக்கட்டில் போர்டை விரித்து அரை மணி நேரம் ஆடிக் காட்டினேன். அவள் அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அன்று ரேட்டிங் குறைந்தது. ஆனாலும் அந்த மாதத்தின் நல்ல நாள் அதுதான்.

இந்த அரை மணி நேரம் பிள்ளைகளுக்கும் தேவை என்று நினைக்கிறேன். 1972-ல் சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் மானுவல் ஆரோன் தொடங்கிய டால் செஸ் கிளப்புக்குச் சிறுவன் ஆனந்த் போனபோது, வருகிற எல்லாரோடும் பிளிட்ஸ் என்ற அதிவேக ஆட்டம் ஆடித்தான் பழகினார். வயது பார்த்து யாரும் போர்டு போடவில்லை. 1961-லேயே இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆன ஆரோன் முதல், பொழுதுபோக்காக ஆட வந்தவர்கள் வரை எல்லாரும் ஒரே இடத்தில் கூடினார்கள். இன்றைய பிள்ளைகள் ஒருவரையொருவர் மட்டுமே சந்தித்துக்கொண்டிருந்தால், காய்கள் குறைந்த கடைசிக் கட்டமான எண்ட்கேமில் நகராமல் உட்கார்ந்து தடுக்கிற ஆட்களை எங்கே பார்ப்பார்கள்? நாங்கள் எதிரே உட்கார்ந்தால் அது அவர்களுக்கும் பயிற்சி.

இனி, இரண்டு நாளில் முடியுமா என்ற கேள்வி. ஃபிடே விதியிலேயே வழி இருக்கிறது. ஆட்டக்காரர்கள் எல்லாரும் 1800-க்குக் கீழே என்றால், 60 நகர்த்தல் கணக்கில் ஆளுக்கு 60 நிமிடம் இருந்தாலே அது நீண்ட நேர ஆட்டத்துக்கான ஸ்டாண்டர்டு ரேட்டிங்குக்குச் செல்லும். 90 நிமிடம் கட்டாயமாவது 1800-ஐத் தொடும்போதுதான். ஆகவே 1800-க்குக் கீழ் என்று அறிவித்து, 45 நிமிடமும் நகர்த்தலுக்கு 15 விநாடியும் கொடுங்கள். 60 நகர்த்தலுக்கு அந்த விநாடிகள் 15 நிமிடம், ஆக 60 நிமிடம். ஓர் ஆட்டம் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் முடியும். காலை ஒன்பதரை, மதியம் ஒன்று, மாலை நாலு. சனி மூன்று, ஞாயிறு மூன்று, ஆக ஆறு சுற்று. ரேட்டிங் இல்லாத புதியவருக்கு முதல் ரேட்டிங் வர, ரேட்டிங் உள்ளவர்களோடு ஐந்து ஆட்டம் வேண்டும். ஆறு சுற்றில் அதற்கும் வாய்ப்பு இருக்கிறது. 1800-க்குக் கீழ், 1600-க்குக் கீழ் என்று இப்போதும் போட்டிகள் நடக்கின்றன. அவற்றையும் நாலு நாளுக்கு இழுக்க வேண்டியதில்லை என்பதுதான் என் வேண்டுகோள்.

"ஞாயிறு ரேபிட் இருக்கிறதே, அதில் ஆடுங்களேன்" என்று குறைந்த நேர ஆட்டத்தைக் காட்டிச் சொல்வீர்கள். ஆடுகிறோம். ஆனால் ரேபிட் வேறு சந்தோஷம். மேலே சொன்ன யானை ஆட்டத்தை ரேபிட்டில் ஆடியிருந்தால், அவளுக்கும் எனக்கும் கை மட்டும்தான் ஓடியிருக்கும். ஒரே நிலையை இருபது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்து, மூன்றாவது வழியில் ஏதோ இருக்கிறது என்று மெல்லப் புலப்படுகிற அந்த நேரத்துக்காகத்தான் வாரம் முழுக்கக் காத்திருக்கிறோம். ராத்திரி போனில் ஆடுகிற ஆட்டத்திலும் அது கிடைப்பதில்லை.

செலவும் கூடாது. இரண்டு நாள் மண்டப வாடகை ஐந்து நாளைவிடக் குறைவு, நடுவர்களின் நாட்களும் குறைவு. பிள்ளைகள் வரமாட்டார்கள் என்ற பயமும் வேண்டாம். அந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற அப்பா அம்மாவும் வேலைக்குப் போகிறவர்கள்தானே. புதன்கிழமை முதல் மண்டப வாசலில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வேலை பார்க்கிற அப்பாக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் போகாது.

இங்கிலாந்தில் வார இறுதிப் போட்டிகள் ரொம்ப காலமாக நடக்கின்றன. வெள்ளி இரவு தொடங்கி ஞாயிறு மாலைக்குள் ஐந்து சுற்று. முன்கூட்டியே கேட்டால் ஒரு சுற்றுக்கு அரைப்புள்ளி பை, அதாவது அந்தச் சுற்றை ஆடாமலே அரைப்புள்ளி, தருவார்கள். அந்த அரைப்புள்ளி பை நம் போட்டிகளிலும் வேண்டும். சனிக்கிழமை காலை மட்டும் ஆபீஸ் போக வேண்டியவர், ஒரு முகூர்த்தத்துக்குத் தலைகாட்டிவிட்டு வர வேண்டியவர், அதை வைத்துக்கொண்டு மீதி ஐந்து சுற்றையும் ஆடிவிடுவார். அறிவிப்பிலேயே எழுதிவிட்டால் நடுவருக்கும் தலைவலி இல்லை.

அப்புறம் போன். ஹாலுக்குள் போனைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி சரியானது, அதில் ஒரு துளி தளர்வும் கேட்கவில்லை. ஆனால் பிள்ளைகளின் போனை வைத்துக்கொள்ள வெளியே அம்மா இருக்கிறார். தனியாக பஸ்ஸில் வந்த எனக்கு யார் இருக்கிறார்கள்? பையோடு மேஜைக்கு அடியில் வைத்து, அணைத்தேனா இல்லையா என்ற நினைப்பிலேயே ஆட வேண்டியிருக்கிறது. டோக்கன் போட்டுப் போனை வாங்கி வைக்க ஒருவரை உட்காரவையுங்கள். வீட்டில் உடம்பு முடியாதவர்கள் இருப்பவர்களுக்காக, அவசரம் என்றால் கூப்பிட நடுவர் மேஜையில் ஒரு எண் இருக்கட்டும். இந்த இரண்டும் இருந்தால் நிம்மதியாக ஆடுவோம்.

மூத்த ஆட்டக்காரர்களுக்காக ஒன்று. எழுபதைத் தாண்டியவர்கள் சொந்த கிளாக்கையும் போர்டையும் தூக்கிக்கொண்டு, லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி ஏறுகிறார்கள். அடுத்த சுற்றுக்கு மறுபடி ஏறுகிறார்கள். அவர்களுக்குக் கீழ்த்தளத்தில் நிலையாக ஒரு போர்டு ஒதுக்கிவிட்டு, எதிராளியை அங்கே வரச் சொல்லலாம். சில நடுவர்கள் கேட்காமலே இதைச் செய்கிறார்கள், அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அறிவிப்பிலேயே சொல்லிவிட்டால், கேட்கக் கூச்சப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடுபவர்களும் வருவார்கள்.

கேட்பதோடு நிறுத்தப்போவதில்லை. திருச்சியில் என்னோடு வாரம் ஒரு மாலை கூடி ஆடுகிறவர்கள் இருக்கிறோம். வங்கியில் இருப்பவர், ஆட்டோமொபைல் உதிரிபாகக் கடைக்காரர், கல்லூரி ஆசிரியர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். இந்த முறையில் ஒரு போட்டி அறிவிக்க நீங்கள் தயார் என்றால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேஜை போட, போர்டு அடுக்க, போன் டோக்கன் மேஜையில் உட்கார நாங்கள் வருகிறோம். போதுமான கிளாக் இல்லை என்றால் எங்கள் கிளாக்குகளையும் தருகிறோம். நுழைவுக் கட்டணத்தில் எங்களுக்குக் குறைக்க வேண்டாம், முழுசாகக் கட்டுகிறோம். பரிசுப் பணத்தைப் பிள்ளைகளுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

காலாண்டு விடுமுறைக்கும் அரையாண்டுத் தேர்வுக்கும் நடுவில் ஒரு சனி, ஞாயிறு கிடைத்தால், முதல் போட்டியை அப்போதே வைத்துப் பார்க்கலாம். பள்ளிக்கூட ஹால் வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரிக்கும் வேலையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். தேதியை மட்டும் ஒரு மாதம் முன்னால் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு செஸ் ஆட்டக்காரன்